நாய்க்கும் கல் நட்டவர்கள் நாம்



தை மாதம் வந்தாலே எனக்கு வரும் கேள்விகள் ஒரே மாதிரி இருக்கும். அறுக்கிற நேரத்தில் மழை வந்தால் என்ன செய்வது, கதிர் நாவாய்ப்பூச்சிக்கு எதைத் தெளிப்பது, தாளடியில் உளுந்து தெளிக்க ஈரம் போதுமா என்று கேட்பீர்கள். இந்த முறையும் அப்படித்தான் வந்தன. அவற்றுக்கெல்லாம் அடுத்த இதழில் பதில் தருகிறேன். இந்த இதழின் இடம் முழுவதையும் ஒரே ஒரு கடிதத்துக்கு எடுத்துக்கொள்கிறேன். வேதாரண்யம் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியது. ஊர், பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவரும் அவர் கணவரும் படித்துப் பார்த்து, சரி என்று சொன்ன பிறகுதான் இது அச்சுக்குப் போகிறது.

கடிதம் இதுதான்:

"ஐயா, எங்கள் வீட்டில் கஜா என்று ஒரு நாய் இருந்தது. 2018 கஜா புயலில் எங்கள் தென்னங்கொல்லை முழுக்கச் சாய்ந்துவிட்டது. மூன்றாம் நாள் மட்டைகளை அப்புறப்படுத்தும்போது அடியில் ஒரு குட்டி முனகிக்கொண்டு கிடந்தது. அப்போது என் மகனுக்கு நாலு வயது. அவன்தான் தூக்கி வந்தான், அவன்தான் பேரும் வைத்தான். அன்றிலிருந்து இரண்டும் ஒன்றாகவே வளர்ந்தன. பள்ளிக்கூட பஸ் வரும் வரைக்கும் ரோட்டில் கூடவே நிற்கும். சாயங்காலம் பஸ் சத்தம் கேட்டதும் எழுந்து ஓடும். மாடு கட்டுத்தறியை அவிழ்த்துக்கொண்டு போனால் அதுதான் வந்து குரைத்துச் சொல்லும்.

மார்கழியில் எலிவெட்டு அதிகம் என்று என் வீட்டுக்காரர் வயலில் எலி மருந்து வைத்தார். மறுநாள் காலையில் கஜா வாந்தி எடுத்தது, வாயில் நுரை தள்ளியது. மோரும் முட்டையும் ஊற்றிப் பார்த்தோம். மதியத்துக்குள் மகன் மடியிலேயே உயிர் போய்விட்டது. கொல்லையில் புதைத்தோம்.

பையனிடம் பக்கத்து வயல்காரர் வைத்த மருந்தைத் தின்றுவிட்டது என்று சொல்லிவிட்டோம். இப்போது அவன் அந்த வீட்டுப் பையனோடு பேசுவதில்லை. இரண்டு பேரும் ஒரே வகுப்பு. சரியாகச் சாப்பிடுவதும் இல்லை. 'நாய்க்குப் போய் இப்படி அழுவாங்களா' என்று ஊரில் சிரிக்கிறார்கள். ஐயா, கஜாவைக் காப்பாற்றியிருக்க முடியுமா? உண்மையைப் பையனிடம் சொல்லலாமா? புதைத்த இடம் கிணற்றுக்குப் பக்கம், அதனால் ஏதும் கெடுதல் உண்டா? இன்னொரு குட்டி வாங்கிக் கொடுத்தால் மறப்பானா?"

நாலு கேள்விகள். ஆனால் அவர் கேட்காத ஐந்தாவது கேள்வி ஒன்று அந்தக் கடிதத்தில் இருந்தது. முதலில் அதற்குத்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. கடிதத்தின் கீழே கைபேசி எண் இருந்ததால் படித்த உடனே கூப்பிட்டேன்.

"கஜாவுக்கு வெறிநாய்க்கடி தடுப்பூசி போட்டிருந்தீங்களாம்மா?"

"குட்டியில ஒரு தடவை கேம்ப்ல போட்டோம் சார். அப்புறம் போடல."

"பையன் கையில காலுல சிராய்ப்பு ஏதும் இருந்துச்சா?"

"முழங்கையில இருந்துச்சு சார். சைக்கிள்ல விழுந்தது."

"எச்சில் பட்டுச்சா?"

அந்தப் பக்கம் சத்தமில்லை. அப்புறம் "மேலெல்லாம் நுரைதான் சார்" என்றார்.

அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போகச் சொன்னேன். போனார்கள். மருத்துவர் விவரம் கேட்டு ஊசியைத் தொடங்கிவிட்டார்.

ஏன் இந்த அவசரம் என்பதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். கஜா எலி மருந்தால்தான் செத்திருக்கும் என்று நானும் நினைக்கிறேன். முதல் நாள் வரை நன்றாக இருந்து, மருந்து வைத்த மறுநாளே சில மணி நேரத்தில் போய்விட்டது. ஆனால் வாயில் நுரை தள்ளுவது, இழுப்பு வருவது, தள்ளாடுவது எல்லாம் விஷத்திலும் வரும், வெறிநோயிலும் வரும். கண்ணால் பார்த்து இதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. வெறிநோய் மனிதனுக்குக் கடித்தால் மட்டும் வருவதில்லை. தோல் உரிந்த இடத்தில் எச்சில் பட்டாலும், கண்ணிலோ வாயிலோ தெறித்தாலும் வரும். நோய் வெளியே தெரிந்துவிட்டால் பிறகு காப்பாற்ற வழியில்லை. அதற்கு முன் ஊசி போட்டால் பயமில்லை. அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இலவசமாகவே போடுகிறார்கள். தோலுக்குள் போடும் முறையில் முதல் நாள், 3-ஆம் நாள், 7-ஆம் நாள், 28-ஆம் நாள் என நாலு தடவை. ஒன்றைக்கூட விடக்கூடாது. காயத்தைப் பொறுத்து, காயத்தைச் சுற்றியே போடும் இன்னொரு மருந்தும் தேவையா என்று மருத்துவர் முடிவு செய்வார். நாய் கடித்தாலோ, காயத்தில் எச்சில் பட்டாலோ முதல் வேலை, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுவது. சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காப்பித்தூள் எதுவும் வைக்காதீர்கள். சில நாள் ஆகிவிட்டதே, இனி எதற்கு என்றும் இருந்துவிடாதீர்கள். தாமதமானாலும் போய்த் தொடங்க வேண்டும்.

இனி அந்தச் சகோதரியின் முதல் கேள்வி. காப்பாற்றியிருக்க முடியுமா?

நம் பக்கம் வயலில் வைக்கும் கறுத்த சாம்பல் நிறத் தூள் ஜிங்க் பாஸ்பைடு. அது வயிற்றில் இருக்கும் அமிலத்தோடு சேர்ந்ததும் பாஸ்பீன் என்ற நச்சு வாயுவாக மாறும். அந்த வாயுதான் நுரையீரல், இதயம், ஈரல் எல்லாவற்றையும் தாக்குகிறது. பெரும்பாலும் தின்ற கால் மணி நேரத்திலிருந்து நாலு மணி நேரத்துக்குள் வாந்தி தொடங்கும். வாயில் பூண்டு வாடையோ, அழுகின மீன் வாடையோ வரலாம். இதற்கென்று தனி மாற்று மருந்து கிடையாது. ஆனால் உடனே கொண்டுபோனால் கால்நடை மருத்துவர் வயிற்றைச் சுத்தம் செய்து, அமிலத்தைக் குறைக்கும் மருந்து கொடுத்து, குளுக்கோஸ் ஏற்றிப் பார்ப்பார். பிழைத்த நாய்களும் உண்டு. எவ்வளவு தின்றது, எவ்வளவு சீக்கிரம் போனோம் என்பதைப் பொறுத்தது.

நாம் வீட்டில் செய்வது என்ன? மோர், பால், முட்டை, புளித்தண்ணீர், உப்புத்தண்ணீர் என்று கையில் கிடைப்பதை ஊற்றுகிறோம். வயிற்றுக்குள் எது போனாலும் அமிலம் கூடச் சுரக்கும். அமிலம் கூடினால் வாயுவும் கூடும். மயங்கிய நாய்க்கு வாயில் ஊற்றினால் மூச்சுக்குழாயில் போய் அதுவே கொன்றுவிடும். அதனால் எதுவும் ஊற்றாதீர்கள், சோறும் வைக்காதீர்கள். மருந்துப் பொட்டலத்தின் அட்டையை எடுத்துக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்கு ஓடுங்கள். வண்டி வசதி இல்லையென்றால் 1962 என்ற கட்டணமில்லா எண்ணில் கேளுங்கள். இன்னொன்று, அந்த நாய் எடுக்கும் வாந்தியிலிருந்தும் அதே வாயு வரும். கதவை அடைத்துக்கொண்டு மடியில் போட்டு உட்காரக் கூடாது. காற்றோட்டமான இடத்தில் கிடத்த வேண்டும்.

சகோதரி, நீங்கள் ஊற்றிய மோராலும் முட்டையாலும்தான் கஜா போயிற்று என்று மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். ஊருக்கு ஊர் எல்லோரும் அதைத்தான் செய்கிறோம். இதைச் சொல்ல வேண்டிய வேலை எங்களுடையது. எலி மருந்தை எப்படிக் கலப்பது என்று நான் எத்தனையோ கூட்டத்தில் பேசியிருக்கிறேன். நாய் தின்றுவிட்டால் என்ன செய்வது என்று ஒரு கூட்டத்திலும் பேசியதில்லை.

இரண்டாவது கேள்வி, உண்மையைச் சொல்லலாமா என்பது. இதற்குப் பதில் எந்த வேளாண்மைப் புத்தகத்திலும் இல்லை. என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

வேலைக்கு வந்த புதிதில் எங்கள் வீட்டில் மணி என்று ஒரு நாய் இருந்தது. செவலை நிறம், ஒரு காது மட்டும் மடங்கியிருக்கும். என் மகளுக்கு அப்போது ஆறு வயது. ஒரு மார்கழியில் விவசாயிகளுக்கு எலி மருந்து கலக்கும் செயல்விளக்கம் செய்துகாட்டிவிட்டு, மீந்த மருந்தை வீட்டுக்கு எடுத்து வந்தேன். எங்களுக்கும் கொஞ்சம் நிலம் இருந்தது. இருட்டிவிட்டது, மறுநாள் வேறு ஊரில் வேலை. வளை வளையாகத் தேடி உள்ளே வைக்கப் பொறுமையில்லை. வரப்பு மேலேயே அங்கங்கே வைத்துவிட்டு வந்துவிட்டேன். எலி விரும்பித் தின்னட்டும் என்று கருவாட்டுத்தூள் சேர்த்திருந்தேன். எலிக்கு முன்னால் மணிக்கு வாசனை தெரிந்துவிட்டது. காலையில் வைக்கோல் போருக்குப் பக்கத்தில் கிடந்தது.

மகள் கேட்டபோது "பாம்பு கடிச்சிடுச்சும்மா" என்றேன். நான் படித்தவன், மற்றவர்களுக்குச் சொல்லித்தருகிறவன். என் கையால் செத்தது என்று சொல்ல நாக்கு வரவில்லை. அதன் பிறகு அவள் வைக்கோல் போர் பக்கம் போகவே மாட்டாள். மாட்டுக்கு ஒரு பிடி வைக்கோல் உருவி வரச் சொன்னால் அழுவாள். வயலுக்கு வர மாட்டாள். குழந்தைப் பயம், போகப் போகச் சரியாகிவிடும் என்று இருந்துவிட்டோம். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமான சமயத்தில் ஒருநாள் பேச்சுவாக்கில் உண்மையைச் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. "அப்பவே சொல்லியிருந்தா நான் இத்தனை வருஷம் பயந்திருக்க மாட்டேனேப்பா" என்று மட்டும் சொன்னாள்.

பொய் சொல்லி நான் என் பெயரைக் காப்பாற்றிக்கொண்டேன். அதற்கு விலை கொடுத்தவள் என் மகள். உங்கள் வீட்டில் விலை கொடுப்பது பக்கத்து வயல்காரரும், அவர் பையனும், உங்கள் மகனும். வரப்பு ஒன்றாக இருக்கும் இரண்டு குடும்பங்களுக்குள் இந்தப் பழி நாளை மடை திறக்கிற சண்டையாக வந்து நிற்கும். அதனால் என் பதில், சொல்லிவிடுங்கள் என்பதுதான். நீங்கள் சொல்வதைவிட அப்பாவே சொல்லட்டும். வேண்டுமென்று செய்யவில்லை, கவனக்குறைவு, தப்பு என்னுடையது என்று மூன்று வார்த்தை போதும். பதினொரு வயதுப் பையனுக்கு அது புரியும்.

அப்பா சொல்லிவிட்டார். போன வாரம் தொலைபேசியில் சகோதரி சொன்னார். இரண்டு நாள் பையன் அப்பாவோடு பேசவில்லையாம். மூன்றாம் நாள் சாப்பிடும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டானாம்: "அடுத்த வருஷமும் வைப்பீங்களா?"

அவனுக்குச் சொல்ல வேண்டிய பதில் நம் எல்லோருக்கும் உரியது. கடைமடை வயலில் எலியை விட்டுவைக்க முடியாது. தண்ணீருக்கும் மழைக்கும் போராடி வளர்த்த கதிரை எலி வெட்டிப்போட விட்டால் குடும்பம் என்ன செய்யும்? ஆனால் நாய் சாகாமல் எலியைப் பிடிக்க வழி இருக்கிறது.

முதலில் கிட்டி. தஞ்சாவூர் கிட்டி என்று மூங்கிலில் செய்வது நம் மண்ணின் கருவி. விஷம் இல்லை, செத்த எலியைத் தின்று எதுவும் சாகாது. தூர் கட்டும் பருவத்திலேயே, ஊர் சேர்ந்து ஒரே வாரத்தில் எல்லா வயலிலும் வைத்தால் பலன் தெரியும். ஒருவர் மட்டும் வைத்தால் எலி அடுத்த வயலுக்குப் போய்த் திரும்பி வரும். நாயோடு போகும்போது கிட்டி வைத்த வரப்பைத் தவிர்த்துவிடுங்கள். வரப்பைச் சிறுத்து, புல் மண்டாமல் வைத்திருந்தால் வளை போட இடம் குறையும். வயலில் ஆந்தை உட்கார மட்டையோ குச்சியோ நட்டு வையுங்கள். கூகையும் ஆந்தையும் இரவில் செய்யும் வேலைக்குக் கூலி கிடையாது. விஷம் தின்ற எலியைப் பிடித்தால் அவையும் சாகும் என்பதால், மருந்தைக் குறைப்பது அவற்றுக்கும் நல்லது.

இதற்கு மேலும் மருந்து வைத்தே ஆகவேண்டும் என்றால், முதல் இரண்டு நாள் மருந்தில்லாத குருணை அரிசியை வைத்து எலியைப் பழக்குங்கள். பிறகு ஒரு கிலோவுக்கு 20 கிராம் ஜிங்க் பாஸ்பைடு, கொஞ்சம் எண்ணெய், மீதி குருணை என்ற கணக்கில் குச்சியால் கலந்து வையுங்கள். கையால் தொடாதீர்கள், ஈரம் படவிடாதீர்கள். நாய் நடமாடும் இடத்தில் கருவாடு சேர்க்காதீர்கள். வரப்பு மேல் வைக்காதீர்கள். எலி இருக்கும் வளைக்குள் பொட்டலமாகத் தள்ளி, வாயை மண்ணால் மூடிவிடுங்கள். முதல் நாள் மாலையே எல்லா வளையையும் மூடிவிட்டால், மறுநாள் திறந்திருப்பவைதான் எலி இருக்கும் வளை. மருந்து வைக்கும் நாளை அக்கம்பக்கத்தில் சொல்லி, மூன்று நான்கு நாள் நாயைக் கட்டிப்போடச் சொல்லுங்கள். காலையில் போய் மீதியையும் செத்த எலிகளையும் பொறுக்கி ஆழமாகப் புதையுங்கள். மீந்த மருந்தை வீட்டு எறவாணத்திலோ மாட்டுக் கொட்டகையிலோ செருகி வைக்காதீர்கள். அதைக் குழந்தைகளும் எடுக்கும், மனது சரியில்லாத நேரத்தில் பெரியவர்களும் எடுப்பார்கள்.

அந்தப் பையனின் அப்பா கிட்டி செய்யச் சொல்லி மூங்கில் கொடுத்திருக்கிறாராம். மகனுக்கு அவர் சொன்ன பதில் அதுதான்.

மூன்றாவது, புதைத்த இடம். வேதாரண்யம் பக்கம் மணல்பாங்கான பூமி. நல்ல தண்ணீர் மேலாக நிற்கிறது, அதற்குக் கீழே உப்புத் தண்ணீர். மழைக்காலத்தில் சில கொல்லைகளில் மூன்றடி தோண்டினாலே ஊற்று வந்துவிடும். அதனால் இறந்த எந்தப் பிராணியையும் மேடான இடத்தில், கிணறு, கைப்பம்பு, குளத்திலிருந்து நூறடியாவது தள்ளி, நாலடி ஆழத்தில் புதைக்க வேண்டும். மேலே சுண்ணாம்பு தூவி, மண்ணை அழுத்தி, நரியோ வேறு நாயோ கிளறாமல் கல்லோ முள்ளோ போட வேண்டும். விஷத்தால் செத்ததை வெளியே எறிந்தால் காக்கை, பருந்து, மற்ற நாய்கள் எல்லாம் பாதிக்கப்படும். கஜாவை ஆழமாகத்தான் புதைத்திருக்கிறார்கள், ஆனால் கிணறு முப்பது அடியில் இருக்கிறது. அதைத் தோண்டி எடுக்க வேண்டாம். கோடை வரைக்கும் அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் எடுக்காமல், செடிக்கும் மாடு கழுவவும் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். பிறகு கிணற்றை இறைத்துவிட்டு, குளோரின் போட்டுப் பயன்படுத்தலாம்.

ஊர் சிரிக்கிறது என்று எழுதியிருந்தார். சிரிக்கிறவர்களுக்கு ஒரு செய்தி.

திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்று ஓர் ஊர். அங்கே ஒரு நடுகல் இருக்கிறது. பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆவது ஆட்சியாண்டில் நட்டது. 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, கிட்டத்தட்ட 1,400 ஆண்டுப் பழமை. கருந்தேவக்கத்தி என்பவன் தன் எருமைகளைக் காக்கப் போராடி இறந்தான். அவனுக்காக நட்ட கல்லில் அவனோடு ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அந்த நாயின் பெயர் கோவிவன் என்றும், அது கள்ளனைக் கடித்துக் காத்து நின்றது என்றும் கல்லில் எழுதி வைத்திருக்கிறார்கள். ராஜா வீட்டு நாயல்ல, எருமை மேய்த்தவன் வீட்டு நாய். விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்தில் சண்டைச் சேவல் ஒன்றுக்கே தனியாகக் கல் நட்டிருக்கிறார்கள். கூட இருந்து உழைத்த பிராணிக்கு மரியாதை செய்வது நமக்குப் புதிதில்லை, வெட்கமும் இல்லை.

ஜப்பானில் ஹச்சிகோ என்ற நாயின் கதை பலருக்குத் தெரியும். டோக்கியோவில் ஷிபுயா ரயில் நிலையத்தில், இறந்துபோன தன் எஜமானருக்காக ஏறக்குறைய பத்து வருடம் காத்திருந்த நாய். அந்த எஜமானர் யார் என்பது பலருக்குத் தெரியாது. உயேனோ ஹிதேசாபுரோ என்ற அவர் டோக்கியோ பல்கலைக்கழகத்தின் வேளாண்மைப் பேராசிரியர். வயல்களைச் சீர்ப்படுத்துவது, வடிகால் அமைப்பது பற்றிப் பாடம் நடத்தியவர். 1925-இல் திடீரென இறந்தார். ஹச்சிகோ 1935 மார்ச் 8 அன்று இறந்தது. எண்பது ஆண்டுகள் கழித்து, 2015-இல், அந்தப் பல்கலைக்கழகத்தின் வேளாண்மைப் புலத்தில் இருவரும் மறுபடி சந்திப்பது போல ஒரு சிலை வைத்தார்கள். பேராசிரியர் குனிந்திருக்கிறார், நாய் எம்பி அவர் மேல் கால் வைக்கிறது. அவ்வளவு பெரிய பல்கலைக்கழகத்துக்கு அது சிரிப்பாகத் தெரியவில்லை.

எடுத்தனூர்க் கல்லைப் பற்றிப் படித்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. அதில் அழுகை இல்லை, புகழ்ச்சி இல்லை. நாயின் பெயர் என்ன, அது என்ன செய்தது என்ற இரண்டு விவரம்தான் இருக்கிறது. அதுவே இத்தனை நூற்றாண்டு நின்றிருக்கிறது. உங்கள் மகனையும் ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள் சகோதரி. பெயர் கஜா. எப்போது வந்தது, என்னென்ன செய்தது, எதனால் போனது. மூன்றாவதையும் எழுத வேண்டும். கோவிவன் எதிரியோடு போராடியது. நம் நாய்கள் நம் கவனக்குறைவால் போகின்றன. அதையும் எழுதி வைத்தால்தான் அடுத்த நாய் பிழைக்கும்.

நாலாவது கேள்வி, இன்னொரு குட்டி. மறப்பதற்காக வாங்காதீர்கள், மறக்க மாட்டான். மறக்கவும் வேண்டாம். அவனாகக் கேட்கும்போது பார்த்துக்கொள்ளலாம். அப்போதும் காசு கொடுத்துச் சீமை நாய் வேண்டாம். நம் உப்புக் காற்றுக்கும் வெயிலுக்கும் ஊர் நாய்தான் தாங்கும். தாயிடம் நன்றாகப் பால் குடித்து, இரண்டு மாதம் நெருங்கிய குட்டியாக எடுங்கள். குடற்புழு நீக்க மருந்தும், இரத்தக் கழிச்சல் நோய்க்கான தடுப்பூசியும் எப்போது என்று கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மூன்று மாதம் முடிந்ததும் வெறிநோய்த் தடுப்பூசி. அதன் பிறகு வருடம் தவறாமல். செப்டம்பர் 28 உலக வெறிநோய் நாள். அதையொட்டிப் பல ஊர்களில் இலவச முகாம் நடக்கும், மருந்தகத்தில் விசாரித்து வையுங்கள். தேதியை மாட்டுக் கொட்டகைச் சுவரில் கரியால் எழுதி வைத்தாலும் போதும், மறக்காது. குட்டி போடாமல் இருக்கக் கருத்தடையும் செய்துவிடுங்கள். வேண்டாத குட்டிகளைச் சாக்கில் கட்டி ரோட்டோரம் விடும் பாவம் மிஞ்சும்.

இதே பொருளில் வேறு இரண்டு கேள்விகளும் வந்தன. சுருக்கமாகப் பதில்.

கேள்வி: எங்கள் நாய் செத்த எலியைத் தின்றுவிட்டது. இரண்டு நாளாக நன்றாகத்தான் இருக்கிறது. கவலை வேண்டாம்தானே?

கவலைப்பட வேண்டும். எலி எந்த மருந்தால் செத்தது என்று பாருங்கள். கட்டியாக விற்கும் புரோமாடியோலோன் வகை மருந்து உடனே கொல்லாது. இரத்தம் உறையும் தன்மையை மெல்ல மெல்லக் கெடுக்கும். மூன்று நாள், ஐந்து நாள் கழித்துத்தான் நாய் சோர்ந்து படுக்கும், ஈறு வெளுக்கும், மூக்கிலோ மலத்திலோ இரத்தம் வரும். இதற்கு வைட்டமின் கே1 என்ற மாற்று மருந்து இருக்கிறது. அறிகுறி வரும்வரை காத்திருக்காமல் இன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். பெரிய சிகிச்சை தேவைப்பட்டால் நம் பக்கத்துக்கு ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

கேள்வி: உப்பளத்தில் காவலுக்கு இருக்கிறேன். புயல் அறிவிப்பு வந்தால் எங்களை முகாமுக்கு ஏற்றிப்போய்விடுகிறார்கள். நாயை என்ன செய்வது?

கூட்டிப்போக முடிந்தால் கூட்டிப்போங்கள். முடியாவிட்டால் சங்கிலியைக் கழற்றிவிட்டுப் போங்கள். கட்டிப்போட்ட நாயும் மாடும் கடல் தண்ணீர் ஏறினால் தப்பிக்கவே முடியாது. அவிழ்த்துவிட்டால் மேட்டைத் தேடி அதுவே போய்விடும். ஆடு மாடுகளுக்கும் இதேதான். போகும் அவசரத்தில் மறந்துவிடும், அதனால் எச்சரிக்கை வந்த உடனே முதல் வேலையாகக் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. அந்தப் பையனுக்கு இன்னும் ஒரு ஊசி பாக்கி இருக்கிறது, 28-ஆம் நாள் ஊசி. சகோதரி, இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது அந்த நாள் நெருங்கியிருக்கும். தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுப் பையனையும் கூட அனுப்பினால் பேச்சுத் துணைக்கு ஆகும்.

அடுத்த இதழில் உளுந்து.